பக்கெட்டுக்கு 'ட்' உண்டு, பொக்கேவுக்குக் கிடையாது

கல்யாணப் பத்திரிகையோட பின்பக்கத்துல இங்கிலீஷ்லயும் போடணும், மாப்பிள்ளை பெங்களூரு ஆபீஸ்ல எல்லாருக்கும் கொடுக்கணுமாம்னு வந்து நிக்கிறியா தங்கச்சி? முதல்ல உட்காரு. மோர் குடி. அப்புறம் அந்தப் பேப்பரைக் காட்டு.

திண்டுக்கல்ல இருபது வருஷத்துக்கு மேல பத்திரிகை கம்போஸ் பண்றவ நான். தமிழ்ப் பக்கத்துல தப்பு வந்தா உங்க சித்தப்பாவே மண்டப வாசல்ல நின்னு சத்தம் போடுவார். இங்கிலீஷ் பக்கத்துத் தப்பை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க, சிரிச்சுக்கிட்டே பையில வெச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. அந்தத் தப்புல பாதி, இங்கிலீஷ்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கிற பிரெஞ்சு வார்த்தைகளாலதான் வருது. உனக்கு இப்ப மண்டபம், நகை, ஜாக்கெட் தையல்னு ஆயிரம் வேலை. அதனால பத்திரிகைக்கும் ரிசப்ஷனுக்கும் வேண்டியதை மட்டும் சொல்றேன்.

1. ஆர்.எஸ்.வி.பி. யாரோட இனிஷியலும் இல்லை

சிரிக்காதே. "ஆர்.எஸ்.வி.பி.ன்னு கீழே போட்டிருக்கே, அது யாரு, தாய்மாமாவா?"ன்னு கேட்டவங்களை நான் பார்த்திருக்கேன். நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி இனிஷியல் போட்டே பழக்கம், அவங்க மேல தப்பே இல்லை. இன்னும் நிறைய பேர் அதை 'தங்கள் நல்வரவை விரும்பும்'ங்கிறதுக்கு இங்கிலீஷ்னு நினைச்சு, அதுக்குக் கீழே பெரியப்பா, அத்தை, மச்சான்னு பத்துப் பேரை வரிசையா எழுதிக் கொடுப்பாங்க.

அது ஒரு பிரெஞ்சு வாக்கியத்தோட நாலு முதல் எழுத்து. "ரெபோந்தே சில் வூ ப்ளே." பதில் சொல்லுங்க, தயவுசெஞ்சு. அவ்வளவுதான். வருவீங்களா மாட்டீங்களான்னு முன்கூட்டியே சொல்லிடுங்கன்னு விருந்தாளியைக் கேட்கிறது. ஐரோப்பாவுல அரண்மனைக்காரங்களும் பெரிய வீட்டுக்காரங்களும் பிரெஞ்சு பேசறதையே மரியாதைன்னு நினைச்சிருந்த காலத்துல, அழைப்பிதழும் அந்த பாஷையிலயே போச்சு. அப்படியே இங்கிலீஷ்ல ஒட்டிக்கிச்சு, வெள்ளைக்காரன் கூடவே இங்க வந்து இறங்கிடுச்சு.

இப்ப கவனி. எங்கெங்க தப்பு பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்.

• "ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி."ன்னு போடாதே. 'சில் வூ ப்ளே'ங்கிறதே ப்ளீஸ்தான். தயவுசெஞ்சு தயவுசெஞ்சுன்னு ரெண்டு தடவை கெஞ்சற மாதிரி இருக்கும். நடுக்கூட்டத்துல 'நடு சென்டர்'னு சொல்வாங்களே, அந்தக் கதை.

• பதில் வேண்டாம்னா போடவே போடாதே. நம்ம பக்கம் பத்திரிகையிலயே "சுற்றமும் நட்பும் சூழ"ன்னு போட்டு ஊரையே கூப்பிடறோம். தாம்பூலத் தட்டோட வீட்டுக்குப் போய் அழைச்ச சொந்தக்காரர்கிட்ட "வர்றீங்களா இல்லையான்னு எழுதிப் போடுங்க"ன்னா, அவர் வர மாட்டார். பத்து வருஷத்துக்கு அதைச் சொல்லியும் காட்டுவார்.

• அப்ப எங்க போடலாம்? ரிசப்ஷனுக்குன்னு தனியா அடிக்கிற சின்ன கார்டுல. ஆபீஸ் ஆளுங்க, வெளியூர் நண்பர்களுக்குக் கொடுக்கிறதுல. அங்க அது உண்மையிலேயே உதவும். சமையல் மாஸ்டர் முதல்ல கேட்கிற கேள்வியே "எத்தனை இலைம்மா?"ங்கிறதுதான். ஒரு கிலோ சீரக சம்பாவுக்குச் சுமாரா எட்டுலேர்ந்து பத்துப் பேர்னு கணக்குப் போட்டா, அம்பது பேர் கூடக் குறைய ஆனா அரிசி மட்டும் அஞ்சாறு கிலோ, கறி தனி. பதிலைக் கேட்டு வாங்கறவங்க வீட்டுல ராத்திரி பதினொரு மணிக்கு அண்டா நிறைய பிரியாணி மிஞ்சிக் கிடக்காது.

• போட்டா முழுசாப் போடு. கார்டுல இடதுபக்கம் கீழ் மூலை. ஒரே ஒரு ஆள் பேர், ஒரே ஒரு போன் நம்பர், எந்தத் தேதிக்குள்ள சொல்லணும்னு ஒரு வரி. அந்த நம்பர் கல்யாணப் பொண்ணோட நம்பரா இருக்கக் கூடாது, அப்பாவோடதாவும் இருக்கக் கூடாது. அவர் அந்த வாரம் போனையே எடுக்க மாட்டார். சும்மா இருக்கிற ஒரு சித்தி பையன் நம்பரைக் கொடு, வாட்ஸ்அப்ல லிஸ்ட் போட்டு வைப்பான்.

• உனக்கு யாராவது அப்படி ஒரு கார்டு கொடுத்தா ரெண்டு நாளுக்குள்ள பதில் சொல்லு. "பார்க்கலாம்க்கா, முடிஞ்சா வர்றேன்"ங்கிறது பதில் இல்லை. வர்றேன், மூணு பேர். இல்லைன்னா வரலை, வாழ்த்துகள். எப்படியோ ஒண்ணைத் தெளிவாச் சொல்லு.

2. பக்கெட்டும் பொக்கேவும்: எந்த 'ட்' பேசும், எந்த 'ட்' பேசாது

இதுதான் எல்லாத்துக்கும் சாவி, இதை மட்டுமாவது மனசுல வெச்சுக்கோ. பக்கெட் பிரியாணிக்கு ஆர்டர் கொடுக்கும்போது 'ட்'டைச் சொல்றோம். மேடையில கொடுக்கிற பொக்கேவுக்கும் கடைசி எழுத்து 'டி'தான், ஆனா அது வாயைத் திறக்காது. ரெண்டுமே பிரெஞ்சுக்காரங்ககிட்டேர்ந்து வந்த வார்த்தைதானே, ஏன் இந்தப் பாரபட்சம்?

வந்த காலம் வேற. 1066ல பிரான்ஸ்ல இருந்து நார்மன்காரங்க கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. அவங்க பின்னாடி வந்த வார்த்தைகள் பக்கெட், ஜாக்கெட், பாக்கெட், பிஸ்கெட்னு வீட்டுக்குள்ள புகுந்து இங்கிலீஷ் பிள்ளைகளாவே வளர்ந்துடுச்சு. அதனால 'ட்' சத்தமா வரும். ரொம்பப் பிந்தி, 17, 18ஆம் நூற்றாண்டுல நாகரிகம் காட்டறதுக்காக வாங்கிக்கிட்ட வார்த்தைகள் பொக்கே, பாலே, பஃபே, டெப்போ. இதுங்க இன்னும் மாப்பிள்ளை முறுக்கோடவே நிக்குது. பிரெஞ்சுல எப்படியோ அப்படியே, கடைசி 'ட்' ஊமை.

வேடிக்கை என்னன்னா, எழுதப் படிக்கத் தெரியாத நம்ம அப்பத்தா இதுல தப்பே பண்ணலை. பஸ் டெப்போன்னுதான் சொன்னா. "வண்டி டெப்போவுக்குப் போகுது, ஏறாதே"ன்னு கண்டக்டரும் அப்படித்தான் சொல்றார். காதால கேட்டுக் கத்துக்கிட்டவங்க வாயில சரியா வருது. நாமதான் ஸ்பெல்லிங் படிச்சுட்டு 'பஃபெட்', 'பொக்கெட்'னு கெடுக்கிறோம். அதனால சந்தேகம் வந்தா பூக்கடைக்காரர் எப்படிச் சொல்றார்னு கேளு. நம்ம பூ மார்க்கெட்ல நிலக்கோட்டை மல்லியைக் கிலோ கணக்குல நிறுக்கிறவர் யாரும் 'பொக்கெட்'னு சொல்லி நான் கேட்டதில்லை.

பொக்கேங்கிறதுக்கு பிரெஞ்சுல முதல்ல இருந்த அர்த்தம் குட்டித் தோப்பு, மரக்கூட்டம். சிறுமலை அடிவாரத்துல நாலஞ்சு மரம் ஒண்ணா நிக்குமே, அது மாதிரி. அதுதான் பிறகு பூங்கொத்து ஆச்சு. மேடையில நாளைக்கு நூறு பேர் உனக்குத் தோப்பைத் தூக்கிக் கொடுப்பாங்க, போட்டோ எடுத்ததும் பின்னாடி வெச்சுடு, கையில பிடிச்சுக்கிட்டே நிக்காதே, புடவையில தண்ணி சொட்டும்.

சாஷேவும் இந்த ஊமைக் கூட்டம்தான். 'சாச்செட்' இல்லை. அர்த்தம், குட்டிப் பை. நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன்தான் இந்தக் குட்டிப் பையில ஷாம்பு அடைச்சு விக்கிற வழியைக் காட்டினவர். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல தொடங்கின கம்பெனிதான் இன்னிக்குக் கவின்கேர். மண்டப அறையில விருந்தாளிக்கு வைக்கிற சாமான் லிஸ்ட்ல 'ஷாம்பு சாஷே'ன்னு எழுது.

ஒரு விதிவிலக்கு: கடைசியில 'டி' ரெண்டு வந்து, அதுக்குப் பின்னாடி 'இ'யும் வந்தா 'ட்' பேசும். சிகரெட், ஆம்லெட். கொடைக்கானல் சலேத் மாதா கோயில் பேரும் அந்த ஜாதி. பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலையில இருக்கிற லா சலேத்ங்கிற ஊர்ல 1846ல மாதா காட்சி கொடுத்ததா நம்பிக்கை. கொடைக்கானலுக்கு வந்த பிரெஞ்சு சேசு சபைச் சாமியார்கள் அந்தப் பேரை இங்க கொண்டாந்து வெச்சாங்க. நம்ம சனங்க அதையும் காதால கேட்டுச் சரியாவே சொல்றாங்க பாரு.

இன்னொரு விதிவிலக்கு ரெஸ்டாரண்ட். அது லேட்டா வந்த வார்த்தைதான், ஆனா 'ட்' பேசும். ஏன்னு என்னைக் கேட்காதே, சில மருமகள்கள் வந்த அன்னிக்கே சமையலறைக்குள்ள போயிடுவாங்க.

3. பஃபேன்னு சொல்லு, விருந்தாளியை அறையாதே

அதே ஸ்பெல்லிங்ல இங்கிலீஷ்ல இன்னொரு வார்த்தை இருக்கு. அதை 'ட்' போட்டு 'பஃபெட்'னு சொல்வாங்க. அர்த்தம் அடி, அறை. காத்து முகத்துல அறையறதுக்கும் சொல்வாங்க. அதுவும் பிரெஞ்சுலேர்ந்து வந்ததுதான், ஆனா பக்கெட் வந்த காலத்துலயே வந்துட்டதால 'ட்' பேசுது. ஆக, மைக்ல "எல்லாரும் பஃபெட்டுக்கு வாங்க"ன்னு கூப்பிட்டா, வரிசையா வந்து அறை வாங்கிக்கங்கன்னு ஆகுது.

பத்திரிகையில பஃபேன்னு போடறதுக்கு முன்னாடி வீட்டுல பெரியவங்களைக் கேட்டுக்கோ. நின்னுக்கிட்டுத் தட்டோட சாப்பிடறது நிறைய தாத்தாக்களுக்கு இன்னும் ஆகாது. அவங்களுக்கு ஒரு ஓரமா நாலு வரிசை பந்தி போட்டுடு. பந்தி போடறதா இருந்தா அந்த வார்த்தையே வேண்டாம், 'டின்னர்' போதும்.

4. ஃபியான்சே: ஒரு 'இ'யா ரெண்டு 'இ'யா?

நிச்சயம் ஆன மாப்பிள்ளைக்கு ஒரு 'இ'. நிச்சயம் ஆன பொண்ணுக்கு ரெண்டு 'இ'. வாயில சொல்றப்ப ரெண்டும் ஒண்ணுதான், எழுதறப்பதான் மாட்டிக்குவே. நிச்சயதார்த்த ஃபிளெக்ஸ்ல மாப்பிள்ளை படத்துக்குக் கீழே ரெண்டு 'இ' போட்டு, அவரைப் பொண்ணாக்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வாரம் தொங்கவிட்ட வேலையை நானே பண்ணியிருக்கேன். அன்னிக்கு வாங்கின திட்டுலதான் இது மனப்பாடம் ஆச்சு. பொண்ணுக்கு நகை ஒண்ணு கூட, 'இ'யும் ஒண்ணு கூட. இப்படி ஞாபகம் வெச்சுக்கோ.

நிச்சயத்துலேர்ந்து தாலி ஏறற வரைக்கும்தான் இந்த வார்த்தைக்கு ஆயுசு. பொண்ணு பார்த்துட்டுப் போன மறுநாளே ஸ்டேட்டஸ்ல போடாதே, முகூர்த்தம் முடிஞ்ச பிறகு ரிசப்ஷன் பேனர்லயும் போடாதே. ரொம்பக் குழப்பமா இருந்தா 'வுட்பி'ன்னே சொல்லிட்டுப் போ. நம்ம ஊர் இங்கிலீஷ், எல்லாருக்கும் புரியும். ஆனா வெளிநாட்டு ஆளுகிட்ட சொல்லாதே, "என்னவா ஆகப் போறார்?"னு கேட்பாங்க.

அந்த 'இ' தலைமேல சாய்வா ஒரு குட்டிக் கோடு வரும். மாப்பிள்ளைக்கு இருக்கிற ஒரே 'இ' மேல, பொண்ணுக்கு முதல் 'இ' மேல மட்டும். போன்ல 'இ'யை அழுத்திப் பிடிச்சா கிடைக்கும். வேர்ட்ல கன்ட்ரோலை அழுத்திக்கிட்டு ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டி, கையை எடுத்துட்டு 'இ' அடி. டி.டி.பி. கடையில ஆல்ட் பிடிச்சு 0233. ஆனா இங்கிலீஷ் ஃபான்ட்டுக்கு மாத்திட்டு அடிக்கச் சொல்லு. பழைய தமிழ் ஃபான்ட்டுலயே அடிச்சா அந்த இடத்துல ஏதாவது தமிழ் எழுத்து வந்து குந்திக்கும். கோடு இல்லாட்டியும் குத்தமில்லை, இங்கிலீஷ்ல ஏத்துக்குவாங்க.

5. 'நே' நமக்குச் சரிப்படாது

கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாத்தறவங்க, பழைய பேரைக் காட்ட 'நே'ன்னு ஒரு வார்த்தை போடறது இங்கிலீஷ் வழக்கம். பிரெஞ்சுல அதுக்குப் 'பிறந்தவள்'னு அர்த்தம். இன்ன குடும்பப் பேர்ல பிறந்தவள்னு சொல்ல, அதுக்குப் பின்னாடி பிறந்த வீட்டுக் குடும்பப் பேர் வரணும். நமக்கு ஏது குடும்பப் பேர்? அப்பா பேரோட முதல் எழுத்துதான். 'நே எம்.'னு போட்டா யாருக்கு என்ன புரியும்? விட்டுடு.

பாஸ்போர்ட், பேங்க், பத்திர ஆபீஸ்ல இதைக் கண்டிப்பாப் போடாதே. நம்ம ஊர் பத்திரங்கள்ல 'என்கிற'ன்னோ, '@' குறியோதான் போடுவாங்க. பேரையே மாத்தறதா இருந்தா தமிழ்நாடு அரசிதழ்ல விளம்பரம் கொடுக்கிற வழி இருக்கு. இனிஷியல் மட்டும் மாத்தப் போறியா, மாத்தவே வேண்டாமான்னு கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு முடிவு எடு. ஆதார்ல ஒண்ணு, பான்ல ஒண்ணு, பேங்க்ல ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டு அலையாதே.

6. ரெசுமேவை 'ரெஸ்யூம்' ஆக்காதே

மாப்பிள்ளை ஊருக்குப் போய் வேலை தேடறப்ப உதவும். சுருக்கம்னு அர்த்தம், 'ரெசுமே'. 'ரெஸ்யூம்'னா விட்ட இடத்துலேர்ந்து தொடர்றது. கோடு போட்டா ரெண்டு 'இ' மேலயும் போடு, இல்லாட்டி ஒண்ணுலயும் வேண்டாம். ஃபைல் பேர்ல கோடே வேண்டாம், சில கம்ப்யூட்டர்ல திறக்கிறப்ப பேர் அலங்கோலமாத் தெரியும். ஜாதகத்தோட கொடுத்தோமே, உயரம், நிறம், உடன்பிறந்தவங்க எல்லாம் போட்ட பயோடேட்டா, அதைத் தூக்கி ஆபீசுக்கு அனுப்பிடாதே. அனுப்பினவங்க உண்டு.

7. சீஃபும் ஷெஃபும் அக்கா தங்கச்சி

'ட்' மாதிரியே 'சி ஹெச்' எழுத்துக்கும் ரெண்டு காலம். முன்னாடி வந்த சேர், செயின், சீஃப் எல்லாம் 'ச'. பின்னாடி வந்த ஷெஃப், மெஷின், ப்ரோஷர் எல்லாம் 'ஷ'. சீஃபும் ஷெஃபும் ஒரே பிரெஞ்சு வார்த்தைதான், தலைவர்னு அர்த்தம். முதல்ல வந்தது ஆபீசுக்குப் போச்சு, ரெண்டாவது அடுப்படிக்கு. கேட்டரிங் போர்டுல எதைப் போடறதுன்னு கேட்டா, நம்ம சமையல் மாஸ்டருக்கு 'மாஸ்டர்'தான் பிடிக்கும்.

ப்ரோஷர்னா தைச்சதுன்னு அர்த்தம், காகிதத்தை மடிச்சுத் தைச்ச குட்டிப் புத்தகம். 'ப்ரோச்சர்'னு சொல்றவங்களை நான் திருத்தறதில்லை. அதுக்கு எனக்கே நேரமில்லை.

பிரெஞ்சு எங்கேயோ பாண்டிச்சேரியில மட்டும்தான் இருந்துச்சுன்னு நினைக்காதே தங்கச்சி. 1755ல ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாரா வந்தப்ப, பிரெஞ்சுக்காரங்களை வெச்சுத்தான் இங்க பீரங்கி, ஆயுதப் பட்டறை எல்லாம் அமைச்சார். மலைக்கோட்டை ஏறறப்ப பீரங்கியைத் தடவிப் பார்த்திருப்பே. அந்தப் பேரே ஃப்ராங்க்னு ஒரு ஐரோப்பியக் கூட்டத்தோட பேர்லேர்ந்து, பாரசீகக்காரங்க வாய் வழியா வந்தது. பிரான்ஸ்ங்கிற பேரும் அந்தக் கூட்டத்தாலதான். பரங்கிக்காயும் சொந்தம்தான்னு சொன்னா எங்க வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

8. க்ளிஷே: எங்க பிரஸ்ஸோட சொந்த வார்த்தை

இது பத்திரிகை வாசகத்துக்கு. க்ளிஷேன்னா எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ஞ்ச சொல்னு இன்னிக்கு அர்த்தம். ஆனா பிறந்தது பிரெஞ்சு அச்சுக்கூடத்துல. ஒரே எழுத்து வரிசையைத் திரும்பத் திரும்பக் கோக்காம, ஈயத்துல ஒரு பாளமா வார்த்து வெச்சுக்குவாங்க. அந்தப் பாளத்துக்குப் பேர் க்ளிஷே. எத்தனை ஆயிரம் வேணாலும் அடிச்சுக்கலாம். 'ஸ்டீரியோடைப்'பும் அதே பட்டறைப் பேர்தான். அதை வெச்சவர் ஃபிர்மேன் திதோன்னு ஒரு பாரிஸ் அச்சுக்காரர். அவர் பேர்லயும் கடைசி எழுத்து 'டி', அதுவும் ஊமை.

நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்துல, லெட்டர் பிரஸ் மிஷின் ஓரமா ஒரு மர டிராயர் இருந்துச்சு. உள்ளே பிளாக்குகள். பிள்ளையார், குத்துவிளக்கு, வாழைமரம், கை கோத்த ரெண்டு கை. பிள்ளையார் பிளாக் அடிச்சு அடிச்சுத் தும்பிக்கை நுனி மழுங்கிப் போயிருந்துச்சு. ஆனாலும் அதுதான் வேணும்பாங்க. அந்தப் பிள்ளையார் க்ளிஷேதான், ஆனா அவரை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. தமிழ்ப் பக்கத்து வாசகமும் அப்படித்தான். "நிகழும் மங்களகரமான" இல்லாம பத்திரிகை பத்திரிகையாவே இருக்காது. அதைத் தொடாதே.

இங்கிலீஷ் பக்கத்துலதான் கத்தரி போடணும். நெட்டுல தேடி எடுத்த கவிதை, சொர்க்கத்துல நிச்சயிக்கப்பட்டதுன்னு ஒரு வரி, ரெண்டு உள்ளங்கள் ஒண்ணாகுதுன்னு ஒரு வரி, எல்லாத்தையும் அடிச்சுடு. யாருக்கு யாரோட, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த மண்டபம், பஸ் ஸ்டாண்டுலேர்ந்து எப்படி வரணும். இதைப் போடு. பெங்களூருலேர்ந்து ராத்திரி பஸ் ஏறி விடிகாலையில திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல இறங்கறவனுக்கு வேண்டியது கவிதை இல்லை, மண்டபம் நத்தம் ரோட்டுலயா பழனி ரோட்டுலயான்னு ஒரு வரி.

9. ப்ரூஃப் பார்க்கிறப்ப

• இங்கிலீஷ் பக்கத்தை வீட்டுல யாரையாவது சத்தமா வாசிக்கச் சொல்லு. வாசிக்கத் திணறினா அந்த வார்த்தையை எடுத்துட்டுச் சாதாரண வார்த்தை போடு.

• ஆர்.எஸ்.வி.பி. போன் நம்பருக்கு நீயே ஒரு தடவை அடிச்சுப் பாரு. பத்து எண்ணுல ஒண்ணு மாறிப் போய், யாரோ ஒரு மனுஷன் கல்யாணம் முடியற வரைக்கும் "நாங்க மூணு பேர் வர்றோம்"னு வந்த போனையெல்லாம் எடுத்து, ஒண்ணும் புரியாம முழிச்ச கதை உண்டு.

• தமிழ்ப் பக்கத்துல ஒரு முகூர்த்த நேரம், இங்கிலீஷ் பக்கத்துல வேற நேரம் வந்துடும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு.

• பார்த்த பிறகு ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டுக் கொடு. போன்ல "சரிக்கா, அடிச்சுடுங்க"ன்னா நான் மிஷின்ல ஏத்த மாட்டேன்.

உன் ப்ரூஃப் நாளைக்குச் சாயங்காலம் தயாரா இருக்கும். வர்றப்ப மாப்பிள்ளையோட அப்பா பேர் இனிஷியல் 'எஸ்'ஸா 'சி'யான்னு கேட்டு எழுதிக்கிட்டு வா, உன் பேப்பர்ல ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருக்கு.